ஹாஸ் பாடங்கள்: எம்.ஐ.டி.யிலேயே படிப்பதா, ஹார்வர்டுக்கோ வெல்லஸ்லிக்கோ போவதா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) இயந்திரப் பொறியியல் படிப்பவரும் பட்டம் வாங்குவதற்குள் கலை, மானுடப் புலங்கள் (இலக்கியம், வரலாறு போன்றவை), சமூக அறிவியல் ஆகியவற்றில் 8 பாடங்களைத் தேறியாக வேண்டும். மாணவர்கள் ‘ஹாஸ்’ என்று சுருக்கிச் சொல்லும் இந்த எட்டில் மூன்று பிரிவுகளிலும் தலா ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதோடு, மூன்று அல்லது நான்கு பாடங்கள் ஒரே துறையைச் சேர்ந்தவையாகவும் அமைய வேண்டும். இவற்றுள் சிலவற்றைக் கூடுதல் கட்டணமின்றி ஹார்வர்டிலோ வெல்லஸ்லி கல்லூரியிலோ படிக்க வழி உண்டு. செலவாவது பணமல்ல, பொழுதுதான்.

சொந்த வளாகத்தில் படிப்பதன் முதல் வசதி, எந்தப் பாடம் எந்தப் பிரிவில் சேரும் என்பது பாடப்பட்டியலிலேயே குறிக்கப்பட்டிருப்பதாகும். கட்டுரையும் பேச்சும் மிகுந்த இரண்டு ஹாஸ் வகுப்புகளை எப்படியும் முடித்தாக வேண்டும். அவற்றை வெளியே தேடுவது வீண் அலைச்சல். வெளியே படித்த பாடத்துக்கோ மனுப் போட்டு ஒப்புதல் பெற வேண்டியிருக்கும். அந்த மனுவைப் பாடம் முடிந்த பிறகு கொடுக்கலாம் என்று எண்ணுவதைப் போன்ற அசட்டுத் துணிச்சல் வேறில்லை.

ஹார்வர்டு கூப்பிடு தூரம். எம்.ஐ.டி.யை ஒட்டிய கெண்டால் நிலையத்தில் பாஸ்டன் நகர ரயிலின் சிவப்புத் தடத்தில் ஏறினால், சென்ட்ரல் என்ற நிலையத்தை அடுத்து ஹார்வர்டு வந்துவிடும். ஆனால் எம்.ஐ.டி.யின் இளவேனில் பருவம் பிப்ரவரித் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஹார்வர்டில் ஜனவரிக் கடைசியிலேயே வகுப்பு தொடங்கிவிடுவதால், ஜனவரி மாதக் குறும்பருவத்தில் மூழ்கியிருப்பவர் முதல் வகுப்பைக் கோட்டைவிட நேரும். பாடங்களின் அகலத்தில் மட்டும் ஹார்வர்டுக்கு இணை சொல்ல முடியாது. சமஸ்கிருதமும் தமிழும் அங்கே முறையாகக் கற்பிக்கப்படுகின்றன, எம்.ஐ.டி.யின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

வெல்லஸ்லி 1875இல் வகுப்புகளைத் தொடங்கிய மகளிர் கல்லூரி. பரிமாற்ற ஏற்பாட்டில் எம்.ஐ.டி.யின் ஆண் மாணவர்களும் அங்கே பாடம் கேட்கலாம். சிறிய வகுப்பில், பேராசிரியர் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்கும் சூழலில், வளாகத்துக்குள்ளேயே டேவிஸ் அருங்காட்சியகம் இருக்கக் கலை வரலாறு படிப்பது தனிச் சுகம். விலை என்னவென்றால், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பேருந்துப் பயணம்: ஒன்றேகால் மணி நேர வகுப்புக்கு அரைநாள் போய்விடும், அன்று பிற்பகல் ஆய்வகம் இருந்தால் கதை முடிந்தது. வாரத்தில் ஒரே நாள் கூடும் நீண்ட கருத்தரங்கு வகுப்பாக இருந்தால் மட்டும் நான் வெல்லஸ்லியைப் பரிந்துரைப்பேன்.

மற்றபடி, தன் வளாகத்தில் கிடைக்கும் பொருளாதார அறிமுகத்தை ஹார்வர்டின் பெயருக்காக அங்கே போய்ப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே இல்லாததற்காகப் போவதே முறை.

தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுக்க, உலகெங்குமுள்ள தமிழர்களின் நன்கொடையும் சேர்ந்து, 60 இலட்சம் டாலரில் ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைந்த செய்தி வீட்டில் பேசப்பட்டிருக்கும். அதனால் அங்கே அரிச்சுவடித் தமிழ் படித்தே ஒரு ஹாஸ் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். எம்.ஐ.டி.யோ தன்னிடமுள்ள மொழிகளிலேயே முதலிரண்டு நிலைகளை ஹாஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே எழுத்துக் கூட்டிப் படிக்கும் தமிழை விருப்பப் பாடமாக வைத்துக்கொண்டு, தென்னாசிய வரலாறு அல்லது இலக்கியத்தில் ஒரு ஹார்வர்டு பாடத்தை ஹாஸ் மனுவில் எழுதுவதே காரியமாகும்.