வெப்கெமில் பாடம் பதிய: பைத்தானா, எஃப்எஃப்எம்பெக்கா?

ஹட்டனில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அடைமழை நாளில் தோட்டத்து மேல் டிவிசன் பிள்ளைகள் வரமாட்டார்கள். பாடத்தைப் பதிந்து பென்டிரைவில் கொடுக்கலாம் என்று தொடங்கினேன். பழைய லெப்டொப், உள்ளே லினக்ஸ்.

முதலில் பைத்தான் நிரல்மொழியும், அதில் கெமராப் படங்களைக் கையாள உதவும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பும். இருபது வரி போதும்: கெமராவைத் திற, ஃபிரேமை (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்தை) வாங்கு, கோப்பில் எழுது. எழுதி முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. போட்டுப் பார்த்தால் சத்தமே இல்லை. ஓப்பன்சிவி படத்தை மட்டும்தான் எழுதும்.

அதைவிடப் பெரிய தொல்லை வேகம். கோப்பைத் திறக்கும்போதே நொடிக்கு 30 ஃபிரேம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பனி மூடி வகுப்பு இருட்டினால் பல கெமராக்கள் வெளிச்சம் சேர்க்க நேரம் எடுத்துக்கொண்டு 15க்கு இறங்கிவிடும். ஒரு மணி நேரப் பாடம் அரை மணியில் முடிகிறது. கொழுந்து பறிக்கிற வேகத்தில் பலகையில் என் கை ஓடுகிறது! ஃபிரேமின் அளவு கொஞ்சம் பிசகினாலோ, பிழை என்றுகூடச் சொல்லாது. திறக்காத கோப்பு ஒன்று மிஞ்சும்.

அடுத்தது எஃப்எஃப்எம்பெக், வீடியோவையும் ஒலியையும் பதியவும் மாற்றவும் உதவும் மென்பொருள். அதற்கு ஒரே வரிக் கட்டளை. ஃபிரேம் வந்த நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்வதால் வேகம் பிசகாது, மைக்கின் ஒலியும் கூடவே பதியும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கெமராவிடம் எம்ஜெபெக் வடிவில், அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்பும்படி, கேளுங்கள். சுருக்காத 1280×720 படம் நொடிக்கு 30 என்றால் ஏறத்தாழ 55 மெகாபைட். கெமரா இணையும் யூஎஸ்பி 2இன் உச்ச வரம்பே ஏட்டளவில் 60தான். அதனால் கெமரா நொடிக்குப் பத்து ஃபிரேமுக்கு மேல் தராது.

பதியும் வீடியோக் கோப்பின் வகை எம்பி4 அல்ல, எம்கேவியாக இருக்கட்டும். எந்த ஃபிரேம் எங்கே என்று சொல்லும் அட்டவணையை எம்பி4 கடைசியில்தான் எழுதும், அது இல்லாமல் கோப்பு திறக்காது. என் லெப்டொப்பின் பேட்டரி செத்து வருடமாகிறது, நடுவில் கரண்ட் போனால் முழுப் பாடமும் போச்சு. எம்கேவியில் அதுவரை பதிந்தது மிஞ்சும். அப்புறம் மறுபடி சுருக்காமலே எம்பி4க்கு மாற்றிக்கொள்ளலாம், சில நொடி வேலை.

அப்படியானால் பைத்தான் எதற்கு? மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வரும்போது மட்டும் பதிய வேண்டும் என்றால் அதுதான் வேண்டும். முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட்டு அசைவைக் கண்டுபிடிப்பது அதற்குக் கைவந்த வேலை. ஆனால் இரண்டையும் ஒரே கெமராவில் ஒன்றாக ஓட்டப் பார்க்காதீர்கள். முதலில் திறந்ததுதான் பிடித்துக்கொள்ளும், மற்றதற்குக் கெமரா கிடைக்காது.