எக்ஸ்ட்ரா வேலைக்கு மூன்று நகல் புத்தகம்: கடையில் வாங்குவதா, அச்சடிப்பதா?

பால் காய்ச்சிக் குடியேறிய வீட்டுக்குக் கட்டிய காண்ட்ராக்டர் போய், ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்கான எக்ஸ்ட்ரா பில்லை நீட்டினால் பேரம்தான் நடக்கும். பூச்சு மூடிவிட்டது, பெயின்ட் காய்ந்துவிட்டது. சதுர அடிக் கணக்கில் பேசிய வேலை எங்கே முடிந்தது, கூடுதல் வேலை எங்கே ஆரம்பித்தது என்று அப்போது யாராலும் காட்ட முடியாது. கூடுதல் வேலையில் கை வைக்கும் முன்பே அளவும் ரேட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் இரண்டு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லை. மதுரை வெயிலிலும் சிமென்ட் தூசியிலும் அந்த வேலைக்குத் தாக்குப்பிடிப்பது எண் அச்சிட்ட மூன்று நகல் புத்தகம்தான்.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண டூப்ளிகேட் புத்தகம் அவசரத்துக்கு ஆகும். நகல் ஒன்றுதான் விழும். கார்பன் தாள் வெயிலில் சுருண்டு, போகப்போக அடித்தாளில் எழுத்து மங்கும். அதைவிடப் பெரிய குறை, உள்ளே வெறும் கோடு போட்ட தாள் என்பது. மேஸ்திரி “லாஃப்ட் எக்ஸ்ட்ரா 1” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். எந்த அறை, எத்தனை அடி, என்ன ரேட் என்று இல்லாத அந்த வரியை வைத்து எதுவும் கேட்க முடியாது. பக்க எண் இல்லாத புத்தகத்தை வாங்கவே வேண்டாம். தாளைப் பிறகு செருகினார்கள் என்ற சந்தேகம் வந்தால் சொல்லப் பதில் இருக்காது.

மாசி வீதிப் பக்கம் அச்சகத்தில் சொல்லி, கார்பன் தாள் வைக்காமலே நகல் விழும் கார்பன்லெஸ் தாளில் 50 செட் புத்தகமாக அடித்துக்கொள்வதுதான் எங்கள் தேர்வு. வெள்ளைத் தாள் வீட்டுக்காரருக்கு, ரோஸ் தாள் ஆபீசுக்கு, மஞ்சள் தாள் புத்தகத்தோடு சைட்டில் இருக்கும். இந்தத் தாளுக்குச் சில குணங்கள் உண்டு. ஜெல் பேனாவில் எழுதினால் மூன்றாம் தாளுக்கு அழுத்தம் போகாது. பால் பேனாதான் வேண்டும். அட்டை மடிப்பை எழுதும் செட்டுக்கு அடியில் செருகாவிட்டால் அடுத்த செட்டிலும் எழுத்து விழுந்து இரண்டுமே வீணாகும். நகல் தாளைப் பிவிசி உறையில் போட்டாலும், காரின் கண்ணாடியோரம் வெயிலில் கிடந்தாலும் எழுத்து வெளுக்கும். காகித ஃபைலில் வைத்து, அன்றே போனில் படம் எடுத்துவிடுவது நல்லது.

கட்டங்களை யோசித்து அடிக்க வேண்டும். தேதி, இடம், கேட்டவர் பெயர் எல்லோரும் போடுவதுதான். அளவுக்கு எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் என நான்கு தனிக் கட்டம் வேண்டும். ரேட் பக்கத்தில் ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்று டிக் செய்ய இடம் வேண்டும். பெரும்பாலான புத்தகங்களில் விட்டுப்போவது இரண்டு: கூடுதல் நாள், கழிவு (ஒப்பந்தத்தில் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் கழிக்க வேண்டிய தொகை). மாடிப்படியை வாஸ்துவுக்காகத் திருப்பினால் காசு மட்டுமா கூடுகிறது, சாவி கொடுக்கும் தேதியும் தள்ளுகிறது. அதையும் அன்றே எழுத வேண்டும்.

கழிவுக் கட்டம்தான் காண்ட்ராக்டரின் நாணயத்தைக் காட்டும். ஒப்பந்தத்தில் சதுர அடி 40 ரூபாய் டைல்ஸ் இருக்க, வீட்டுக்காரர் 75 ரூபாய் டைல்ஸ் எடுக்கிறார் என்று வையுங்கள். எக்ஸ்ட்ரா 75 அல்ல, 35 மட்டுமே. ஹால் 300 சதுர அடி, உடைசல் 5 சதவீதம் சேர்த்து 315. பில் 11,025 ரூபாய். முழு விலையையும் எக்ஸ்ட்ராவில் ஏற்றினால், ஏற்கெனவே வாங்கிய 40 ரூபாய்க்கு இரண்டாவது தடவை வாங்குவதாகும். வீட்டுக்காரர்கள் கோபப்படும் இடம் பெரும்பாலும் இதுதான், அந்தக் கோபம் நியாயமானது.

பூச்சு அளவிலும் இதே சண்டை வரும். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200 முறைப்படி, இருபுறமும் ஒரே மாதிரிப் பூசும் சுவரில் அரை சதுர மீட்டர் வரையான கதவு, ஜன்னல் போன்ற திறப்புக்குக் கழிவே இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அந்தத் திறப்பின் ஓரப்பூச்சைத் தனியாகச் சேர்க்கக் கூடாது. 3க்கு 7 கதவு 21 சதுர அடி, ஆகவே ஒரு பக்கக் கழிவு. இந்த முறையைத் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டுவிட்டால் டேப்பைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டியதில்லை.

மண்ணுக்குள் மறையும் வேலைக்குப் புத்தகம் மட்டும் போதாது. திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் 4 அடி என்று பேசிய அஸ்திவார வானம் 6 அடி போக வேண்டியிருக்கும். 120 அடி நீளம், 3 அடி அகலம், கூடுதல் ஆழம் 2 அடி என்றால் 720 கன அடி மண் வெட்டு, அதற்கு மேல் கல் கட்டு வேறு. கான்கிரீட் விழுந்த பிறகு இதை எப்படி நிரூபிப்பது? டேப் வைத்து நாலு மூலையிலும் படம் எடுத்து, தாள் எண்ணைப் படத்திலேயே தெரியும்படி எழுதி, அன்றே கையெழுத்து வாங்க வேண்டும். சுவருக்குள் மாற்றிய வயர் பைப்புக்கும் இதே முறை. ஒரு ஸ்விட்ச் பாக்ஸை நகர்த்தினால் எலக்ட்ரீசியன் கூலியோடு, வெட்டிய இடத்தைப் பூசும் கொத்தனார், டச்சப் செய்யும் பெயின்டர் கூலியையும் அப்போதே எழுத வேண்டும்.

யார் கையெழுத்து என்பது அடுத்த சிக்கல். மகன் சிங்கப்பூரில் இருப்பார், சைட்டில் நின்று “தம்பி, அந்த ஜன்னலைப் பெருசாக்கிருங்க” என்பவர் அப்பா. பணம் கொடுப்பவர் மகன். ஒப்பந்தம் போடும்போதே எக்ஸ்ட்ராவுக்கு யார் சம்மதம் செல்லும் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். மகன்தான் என்றால் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரி” வந்த பிறகே வேலை. வாட்ஸ்அப்பை மட்டும் நம்புவதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை: போன் மாறினால் பதிவு போய்விடலாம், கோர்ட்டில் காட்ட 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின் சான்றிதழும் வேண்டும்.

தாளே இல்லாமல் வேலை முடிந்துவிட்டால் வழி அடைபடவில்லை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பலனை ஒருவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. வேலைக்கூலி வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு கெடு. வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே அளந்து, ஒப்பந்த பாக்கியோடு கலக்காமல் தனி பில்லாகக் கொடுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், இறுதி பில் போட்ட வேலைக்கே தொகை கூடினால், கூடிய தொகைக்கு டெபிட் நோட் என்ற துணைச் சீட்டு போட வேண்டும்.

அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது மூன்று தாளிலும் ஒரே எண் விழுகிறதா, அளவுக் கட்டத்தில் “10 அடி 4½ அங்குலம்” என்று எழுத இடம் போதுமா என்று பேனாவால் எழுதியே பாருங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகம் சைட் ஈரத்தில் துருப்பிடிக்கும். தையல் பைண்டிங் கேட்டு வாங்குங்கள்.