ஸ்பேமைத் தடுக்க: நாமே எழுதும் விதிகளா, சேவையே தரும் ஃபில்டரா?

மெயில் சேவையே தரும் ஃபில்டரை அப்படியே நம்பலாம். முகவரியையும் சொல்லையும் பார்த்துத் தடுக்கும் விதிகளை நாமே எழுதலாம். இல்லையென்றால் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் இருப்பதுபோல, பழக்கப் பழக்கக் கற்றுக்கொள்ளும் ஃபில்டரைக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் பயன்படுத்திவிட்டு நான் முதலாவதோடு நின்றுவிட்டேன். கூடவே சில விதிகளும் உண்டு, ஆனால் அவை தடுப்பதற்கு அல்ல, உள்ளே விடுவதற்கு.

மூன்றுக்கும் தனியாகக் காசு வேண்டாம். அமைப்பதும் கஷ்டமில்லை. வைத்த பிறகு யார் பராமரிப்பது என்பதுதான் கேள்வி.

சொந்த விதிகள் அங்கேதான் தோற்றுப்போகின்றன. அனுப்புநர் பெயரில் ஒரு வங்கி இருக்கும். பெயரைத் தொட்டுப் பார்த்தால் வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகவரி. அதைத் தடுத்தால் அடுத்தது வேறு முகவரியிலிருந்து வரும். சரி, ‘லோன்’ என்ற சொல்லையே தடுப்போம் என்றால், ஆங்கிலத்தில் ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டு அனுப்புவார்கள். அது உள்ளே வந்துவிடும். கடன் பற்றி நண்பர் உண்மையாகவே எழுதிய மெயில்தான் மாட்டிக்கொள்ளும். விதியில் ‘அழி’ என்று போட்டிருந்தால் அது ஸ்பேமுக்குக்கூடப் போகாது, நேரே குப்பைத்தொட்டிதான். பழைய விதிகளைத் திரும்பிப் பார்ப்பவர் யார்?

சேவையின் ஃபில்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே மெயில் எத்தனையோ கணக்குகளுக்குப் போவது அதற்குத் தெரியும். முகவரி போலியா என்று எஸ்பிஎஃப் (அந்த முகவரிக்காக எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (மெயிலோடு வரும் டிஜிட்டல் கையொப்பம்) கொண்டு சரிபார்க்கும். ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் இவற்றோடு டிமார்க்கும் (சரிபார்ப்பில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் அறிவிப்பு) வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதி கொண்டுவந்தது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்பதும் அதில் உண்டு. அதனால் நாம் அழுத்தும் ‘ஸ்பேம்’ பொத்தானுக்கு மதிப்பு இருக்கிறது. (நாமே கேட்டு வாங்கிய செய்திமடலுக்கு அதை அழுத்தாதீர்கள், சந்தாவை நிறுத்தினால் போதும்.)

நம் வேலை ஒன்றுதான்: ஸ்பேம் பெட்டியை அவ்வப்போது எட்டிப் பார்ப்பது. ஜிமெயிலில் அங்கே போனவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். பாப் (POP) முறையில், அதாவது இன்பாக்ஸில் உள்ள மெயிலை மட்டும் கணினிக்கு இறக்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்பேம் பெட்டி கணினிக்கு வரவே வராது, இணையத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். நல்ல மெயில் மாட்டியிருந்தால் ‘ஸ்பேம் அல்ல’ என்று அழுத்துங்கள். அதே ஆள் மறுபடியும் மாட்டினால் அவர் முகவரிக்கு ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்று ஒரு விதி. நான் எழுதும் விதி அவ்வளவுதான்.

தண்டர்பேர்டைக் கொஞ்ச காலம்தான் பழக்கினேன், அதனால் என் தீர்ப்பைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். குப்பையை மட்டுமல்ல, நல்ல மெயிலையும் அதற்குக் காட்ட வேண்டும். கற்றதெல்லாம் அந்தக் கணினியோடு சரி, போனுக்குத் தெரியாது. ஆனால் சேவையின் ஃபில்டர் மோசமாக இருந்து, மெயிலையும் ஒரே கணினியில்தான் பார்க்கிறீர்கள் என்றால், அப்புறம் இதுதான் சரி.