ஆறு டிராக் நாள், இரண்டு கார்த்திகை: ஒரு செட் டயரின் கணக்கு

"சம்மர் டயர் வாங்கியிருக்கேன்" என்று சொன்னதும் மாமா கேட்டார்: "அப்போ மார்கழிக்கு வேற வாங்கணுமா?" கிண்டல்தான். ஆனால் அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருந்தது என்பது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆனது. என்ன, மாதம்தான் தப்பு. மார்கழி இல்லை, கார்த்திகை.

பெயர் குளிர்நாட்டுக்காரர்கள் வைத்தது. ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால் இந்த வகை ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடும், அதனால் அவர்கள் குளிர்காலத்துக்குத் தனி செட் வைத்திருப்பார்கள். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரி இருக்கும். ஆக நமக்கு வருடம் முழுக்க சம்மர்தான்.

வண்டி 2016 மாடல் ஆடி டிடி, செகண்ட் ஹேண்ட். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் குவாட்ரோ. நாலு வீலுக்கும் ஒரே சைஸ், 245/40 ஆர்18. பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் அகலமாக இருக்கும், முன்னதைப் பின்னுக்கு மாற்ற முடியாது. டிடியில் அந்தத் தொல்லை இல்லை. இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று பிறகு சொல்கிறேன்.

வண்டியோடு வந்த டயரில்தான் 2022 ஜனவரியில் முதல்முறை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இறங்கினேன். சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடும் நாளைத்தான் டிராக் நாள் என்கிறோம். இப்போது அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர், நாங்கள் இன்னும் எம்.எம்.ஆர்.டி. (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்) என்றுதான் சொல்கிறோம். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் முடிந்து, 1990இல் இது வந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. அன்று ஒவ்வொரு வளைவிலும் வண்டி, ஸ்டீயரிங் திரும்பியதைப் பற்றிக் கவலையே படாமல் நேராகப் போகப் பார்த்தது. டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டை, 5 மில்லிமீட்டர் இருந்தது, பார்க்கப் புதுசு போலத்தான். சைடு வாலில் (டயரின் பக்கச் சுவர்) உள்ள நாலு இலக்கத்தைப் படித்தேன்: 3215. 2015ஆம் வருடத்தின் 32ஆவது வாரம் தயாரானது. நகத்தை வைத்து அழுத்தினால் நகம்தான் மடங்கியது. ஆறரை வயது ரப்பர் அப்படித்தான் இருக்கும். டயர் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பட்டன் ஆழத்தைப் பார்த்து ஏமாந்தது நான்.

புது செட்டுக்கு ஜி.பி. ரோட்டில் மூன்று வாரம் அலைந்தேன். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று மத்திய அரசு கொண்டுவந்த பிறகு இந்த மாதிரி சைஸெல்லாம் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்ற கதைதான். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். உலகம் முழுக்க டயர் விற்கிறது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் திரும்பினால் டயர் ஆலை. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாலு டயருக்குக் காத்திருப்பது வேடிக்கைதான். கடைசியில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 கிடைத்தது, ஒன்று 22,000 ரூபாய் வீதம். காசு கொடுக்கும் முன் நாலிலும் வாரக் கணக்கைப் பார்த்தேன். கடை அண்ணன் சிரித்தார். "முட்டையை லைட்ல காட்டிப் பார்க்கற மாதிரி பார்க்கறீங்களே சார்."

முதல் 500 கிலோமீட்டர் அடக்கி ஓட்டிவிட்டு, 2022 மார்ச்சில் டிராக்குக்குப் போனேன்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு நாளில் கற்றதுதான் மற்றதுக்கெல்லாம் அடிப்படை. காலையில் நாலு டயரிலும் 34 பி.எஸ்.ஐ. காற்று. டயர் ஓரத்தில், பட்டனிலிருந்து சைடு வால்வரை, மூன்று இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். நாலு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் முன் இடது டயரில் கோடு சைடு வால் வரைக்கும் அழிந்திருந்தது. அதாவது வளைவில் டயர் மடங்கி, நிற்கக் கூடாத இடத்தில் நின்றிருக்கிறது. வலது பக்கம் பாதிக் கோடு அப்படியே இருந்தது. காரணம் எளிது. டிராக்கில் கடிகாரச் சுற்றில் ஓடுகிறோம், பெரும்பாலும் வலது திருப்பம், பாரம் முழுக்க இடது பக்கம் சாய்கிறது. அதிலும் டிடிக்கு மூக்கு கனம். முன் இடது டயர்தான் அன்றைய கூலியாள்.

அப்படியென்றால் காற்று கூட்ட வேண்டும் என்றுதானே தோன்றும்? கேஜ் வைத்தால் அதே டயரில் 43! சூட்டில் உள்ளே காற்று விரிந்து 9 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தது. முதல் சுற்றில், டயர் குளிர்ந்து காற்று குறைவாக இருந்தபோதே கோடு அழிந்திருக்க வேண்டும். நாலாவது சுற்றில் எதிர்ப்பிரச்சினை: டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடுகிறது. நாலையும் 38க்கு இறக்கினேன். அடுத்த செஷனில் அதே வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. 22,000 ரூபாய் டயரின் குணத்தை 300 ரூபாய் கேஜ்தான் தீர்மானிக்கிறது என்றால் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கிறது.

சூடான டயரில் காற்றை இறக்கினால் சாயங்காலம் திரும்ப ஏற்ற மறக்கக் கூடாது. ஆறியதும் 30 காட்டியது. அந்த 30இல் சென்னைப் பள்ளங்களுக்குள் பக்கச் சுவர் குட்டையான 40 புரொஃபைல் டயரை விட்டால் சைடு வாலில் வீக்கம் வந்துவிடும். நான் ஒருமுறை மறந்தேன். பூந்தமல்லியில், பெயிண்ட் அடிக்காத ஒரு வேகத்தடை. டயர் தப்பித்தது, ரிம்மில் நெளிசல்.

நைட்ரஜன் போட்டால் இதெல்லாம் இருக்காதே என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாத காற்றாக இருந்தால் போதும், சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விரியும். பங்கில் "நைட்ரஜனா, நார்மலா?" என்று கேட்டால் நான் நார்மல் ஆள்.

சரி, டயர் எப்படி? தெருவில் முதல் நாளே காதல். சத்தம் குறைந்தது, ஈசிஆரில் பிரேக் மிதித்தால் நம்பிக்கை. டிராக்கில் மட்டும் ஒரு மனக்குறை. மூன்றாவது சுற்றிலிருந்து வழுக்க ஆரம்பித்தது, எண்ணெய் தடவிய சிமென்ட் தரையில் நடப்பது போல. செஷன் முடிந்து பார்த்தால் பட்டன் ஓரங்களில் ரப்பர் தேங்காய்த் துருவல் மாதிரி உருண்டு ஒட்டியிருந்தது. அன்றைய எனது நல்ல நேரம் 2 நிமிடம் 16 விநாடி. கூட வந்த நண்பர் சொன்னார், "இன்னும் தேயட்டும், சரியாகிடும்." புது டயர் தேய்ந்தால் சரியாகும் என்பது அப்போது எனக்கு விதண்டாவாதமாகப் பட்டது.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. புது டயரில் பட்டன் 7 மில்லிமீட்டருக்கு மேல் உயரம். உயரமான ரப்பர்க் கட்டை வளைவில் நெளியும், நெளிய நெளிய சூடாகும், சூடானால் வழுக்கும். தேய்ந்து குட்டையாகிவிட்டால் நெளியாது. ரேஸ் ஆட்கள் சிலர் புது டயரையே சீவி ஆழத்தைக் குறைத்துப் போடுவதும் இதற்காகத்தான்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் இன்னும் நாலு டிராக் நாள், தெருவில் 17,000 கிலோமீட்டர். ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் முன் இடதைப் பின் வலதுக்கும், முன் வலதைப் பின் இடதுக்கும் மாற்றினேன். முதலில் சொன்ன சௌகரியம் இதுதான். பைலட் ஸ்போர்ட் 4இல் உள்பக்கம், வெளிப்பக்கம் என்றுதான் குறி உண்டு, சுழலும் திசை இல்லை. அதனால் குறுக்கே மாற்றலாம். குவாட்ரோ வண்டியில் இது ஆசைக்குச் செய்வதில்லை. முன்னும் பின்னும் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 12, 13 மில்லிமீட்டர் மாறிவிடும், ஓடுகிற நேரமெல்லாம் முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இணைக்கும் கிளட்ச் அதைச் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு மாற்றியும் 2023 நவம்பரில் அளந்தபோது முன் டயர்களின் வெளி ஓரத்தில் பட்டன் 2.5 மில்லிமீட்டர், பின்னதில் 3.2. டிராக்கில் நேரம் மட்டும் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தது.

மழையில்தான் வினை. 2022 கார்த்திகையில் பட்டன் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து கொட்டும் மழையில் வந்தேன், ஒன்றும் தெரியவில்லை. 2023 நவம்பர் கடைசியில் அதே சாலை, அதே போன்ற மழை. செம்பரம்பாக்கம் தாண்டி 80இல் வரும்போது ஸ்டீயரிங் திடீரென்று கனமே இல்லாமல் போனது. ஆர்.பி.எம். முள் துள்ளியது. ஒரு விநாடி இருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தேன், பிரேக்கைத் தொடவில்லை, டயர் தரையைக் கண்டுபிடித்துக்கொண்டது. சாலையில் தேங்கியிருந்தது விரல் கணு அளவு தண்ணீர்கூட இல்லை. அகலமான டயர் தண்ணீரின் மேல் பலகை மாதிரி மிதக்கும். அந்தத் தண்ணீரை ஓரமாகத் தள்ளுவதற்குத்தான் பட்டனில் பள்ளம். பள்ளம் 2.5 மில்லிமீட்டராகக் குறைந்தபின் தள்ள இடம் ஏது?

மறுநாள் கடை அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சட்டப்படி 1.6 வரைக்கும் ஓட்டலாம் சார். மழைப்படி ஓட்டக் கூடாது."

யோசிப்பதற்குள் மிக்ஜாம் புயல் வந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரம் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்திய கூட்டத்தில் நானும் ஒருவன். தீவுத்திடல் பக்கம் நடக்கவிருந்த ஃபார்முலா 4 தெரு ரேஸையே அந்த மழை தள்ளிவைத்துவிட்டது, அது நடந்தது 2024 ஆகஸ்ட் கடைசியில்தான். புயல் வந்த அந்த டிசம்பரிலேயே நான் அதே டயரில் புது செட் வாங்கினேன். ஆனால் பழையதைக் கொடுக்க மனசில்லை. செகண்ட் ஹேண்டில் நாலு அலாய் வீல் வாங்கி அதில் மாட்டி, பால்கனியில் அடுக்கினேன். அம்மா அதன் மேல் துளசித் தொட்டியை வைத்துவிட்டார்.

நேரம் குறைந்தது டயராலா, நான் ஓட்டப் பழகியதாலா என்ற சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. அதைத் தீர்க்க 2024 பிப்ரவரியில் இரண்டு செட்டையும் ஒரே நாளில் டிராக்குக்குக் கொண்டுபோனேன். முதல் செஷன் புது டயரில்: 2 நிமிடம் 14.6. வழக்கம்போல மூன்றாவது சுற்றில் குழைந்தது. பேடாக்கில் (டிராக் ஓரம் வண்டிகளைத் தயார்செய்யும் இடம்) ஜாக்கி வைத்து நாலையும் மாற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, ஆறாவது டிராக் நாளைக் காணும் பழைய செட்டில் கிளம்பினேன். வெயில் ஏறியிருந்தது, அது நேரத்துக்குப் பாதகம்தான். ஆனாலும் 2 நிமிடம் 12.1. நேரத்தைவிட முக்கியம், ஆறாவது சுற்றிலும் வண்டி முதல் சுற்று மாதிரியே திரும்பியது. தெருவில் நான் பயந்து கழற்றிய அதே டயர்!

அதனால் என் கணக்கு இப்போது கிலோமீட்டரில் இல்லை. ஐப்பசி பிறப்பதற்குள் பட்டன் ஆழம் அளக்கும் கேஜை வைத்துப் பார்ப்பேன். 4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தெருவுக்குப் புது செட், பழையது தை மாசி டிராக்குக்கு. வருடத்துக்கு ஒரு டிராக் நாள்தான் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், காற்றை மட்டும் கவனித்தால் போதும். மழைக்கால மாதங்களில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முழு மொட்டை ஆகும்வரை பழைய செட்டை டிராக்கில் ஓட்டலாமா என்றால், ஓட்டக் கூடாது. சூடேறிச் சூடேறி ஆறிய ரப்பர் ஒரு கட்டத்தில் இறுகிவிடும், அப்புறம் அது என் பழைய 3215தான்.

அன்று திரும்பும்போது புது செட்டை மாட்டிக்கொண்டேன். பழைய நாலையும் டிடிக்குள் ஏற்ற வேண்டும். பின் சீட்டை மடக்கினால் மூன்றுதான் போனது. நாலாவதை, தினத்தாளில் சுற்றி, பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வண்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. டோல் வரை பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் ஓரம் கட்டி, டயருக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன்.