ஸ்கிராப்பர் பிளேடுன்னு சாதா இரும்புப் பட்டைய வித்து 6,400 ரூபா ஏமாத்திட்டான், மர வேலைக்காரங்க பாத்துக்கோங்க

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல, அந்தக் கோவத்தோடதான் டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. 6,400 ரூபா. ரெண்டு பிளேடுக்கு. ரெண்டுமே டூல் ஸ்டீலே இல்ல.

வில்லியனூர்ல சின்னதா பட்டறை வச்சிருக்கேன், பழைய ஃபர்னிச்சர் ரிப்பேர்தான் முக்கால்வாசி வேலை. போன மாசம் ஒயிட் டவுன் வீடு ஒண்ணுல இருந்து டேபிள் வந்துச்சு, ஈட்டி மரம், மேல் பலகை மட்டும் ஆறடி. ஈட்டில கை வச்சவங்களுக்குத் தெரியும், ரேகை ஒரு ஜாண் இந்தப் பக்கம் ஓடும், அடுத்த ஜாண்ல எதிர்ப்பக்கம் திரும்பிடும், இழைப்புளிய எவ்ளோ கூரா தீட்டினாலும் எங்கயாவது ஒரு இடத்துல பேத்துடும். அதுக்கு ஸ்கிராப்பர் பிளேன்தான் சரி, நிமிர்ந்த பிளேடால மரத்த மெல்லிசா சுரண்டுற இழைப்புளி. என்கிட்ட ஸ்டான்லி 112 மாதிரி பழசு ஒண்ணு இருக்கு, ஆரோவில்ல இருந்து ஊருக்குத் திரும்பிப் போனவர்கிட்ட வாங்கினது, ஆனா பிளேடு தேஞ்சு தேஞ்சு இனி பிடிப்புல நிக்காதுங்கிற அளவுக்குக் குட்டையாயிடுச்சு. பாண்டில தேடினேன், கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் போய் ஹார்டுவேர் கடைங்கள்ல கேட்டேன், எங்கயும் இல்ல. அப்பதான் மர வேலை டூல்ஸ் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் பக்கம் கண்ல பட்டுச்சு. பேரு சொல்லல.

போன் பண்ணி, ஏ2, எம்2, ஓ1னு இருக்க டூல் ஸ்டீல் ரகங்கள்ல எது எடுக்கலாம்னு கேட்டேன். அவன் விலையே பேசல, முதல்ல என்ன கேட்டான் தெரியுமா? "அண்ணா, கொக்கி திருப்ப என்ன ராடு வச்சிருக்கீங்க?" (கொக்கின்னா பிளேடு விளிம்ப ராடால அழுத்தி லேசா மடிச்சு விடுறது, அதுதான் மரத்தச் சுரண்டும்.) சாதா ஸ்டீல் ராடுதான்னு சொன்னேன். "அப்ப ஏ2, எம்2 ரெண்டும் வேணாம்ணா. ஏ2ல அஞ்சு சதவீதம் குரோமியம் இருக்கு, முரண்டு பிடிக்கும். எம்2 ஹைஸ்பீடு ஸ்டீல், சூடு நல்லா தாங்கும், ஆனா கார்பைடு ராடு இல்லாம உங்களால திருப்ப முடியாது. ஓ1 எடுங்க, கார்பன் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் இருக்கும், சாணைக் கல்லுல சீக்கிரம் கூர் ஏறும்"னான். அதிக விலை பிளேட அவனே வேணாம்னுட்டான். இவ்ளோ தெரிஞ்சவன் எப்படி ஏமாத்துவான்னு நினைச்சேன். இன்னைக்கும் சொல்றேன், ஸ்டீல் பத்தி அவன் சொன்னதுல தப்பே இல்ல, வித்த பொருள்தான் பொய். போன வைக்கறதுக்குள்ள யூபிஐல 6,400 போட்டுட்டேன்.

பார்சல் அஞ்சு நாள்ல வந்துச்சு. எண்ணெய்த் தாள் சுத்தி, மேல லேசர்ல ‘ஓ1, 60–62 எச்ஆர்சி’ன்னு (எச்ஆர்சின்னா ஸ்டீலோட பதத்த, அதாவது கெட்டித்தன்மைய, அளக்குற கணக்கு) பொறிச்சு, பாக்கவே அம்சமா இருந்துச்சு. 45 டிகிரில சாணை பிடிச்சு, கல்லுல தேச்சு, கொக்கி திருப்பினேன், சோப்புக் கட்டி மாதிரி திரும்புச்சு. அங்கயே வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு. மொத இழுப்புல சுருள் வந்துச்சு. மூணாவது இழுப்புல வெறும் தூள். கொக்கி படுத்துருச்சு.

இன்னொரு பிளேட கல்லுல கூட வைக்கல, அது முனையில அரம் போட்டுப் பாத்தேன். 60க்கு மேல பதம் இருந்தா அரம் வழுக்கணும், இது கடிச்சு இழுக்குது. மொத பிளேட மறுபடி சாணைல வச்சேன், நீளமா மஞ்சள் பொறி, கார்பன் இருந்தா பூ மாதிரி வெடிக்கணும், இது வெடிக்கிறதே இல்ல. ஓ1ல இருக்க ‘ஓ’ன்னாலே ஆயில்தான், சிவக்கக் காய்ச்சி எண்ணெய்ல விட்டா பதம் ஏறியே தீரணும். அதுலயே ஒரு மூலைய ஆக்சா பிளேடால அறுத்தேன் (அறுபட்டுச்சுங்க!), காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி எண்ணெய்ல விட்டேன். அதுக்கப்புறமும் அரம் கடிக்குது. கார்பன் இருந்தாத்தானே பதம் ஏறும்? மைல்டு ஸ்டீல் பட்டை, கிலோக் கணக்குல விக்கிற சரக்கு.

போன் பண்ணினா, "ஸ்கிராப்பர்னா அரம் கடிக்கத்தாண்ணா செய்யும்." கையில பிடிக்கிற மெல்லிசு தகடுக்கு அது சரி, அது 50 பக்கம் பதம் வச்சது. அப்ப 60–62ன்னு ஏன்டா பொறிச்சேன்னு கேட்டேன். "நீங்க சாணை பிடிக்கிறப்ப சூடாக்கிப் பதத்தப் போக்கிட்டீங்க"ன்னான். சாணையே படாத இன்னொண்ணும் அப்படித்தானேன்னு வீடியோ எடுத்து அனுப்பினேன். மறுநாள் ஒரு பொண்ணு பேசுச்சு, ஓனர் ஊர்ல இல்லீங்க சார். அதுக்கடுத்த நாள், திருப்பி அனுப்புங்க, கூரியர் காசு உங்களோடது, செக் பண்ணிட்டு சொல்றோம்னாங்க. அட்ரஸ் கேட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. இப்ப நம்பர பிளாக் பண்ணிட்டாங்க. அந்தப் பக்கத்துல நான் போட்ட கமெண்ட்டும் காணோம். 6,400 ரூபா, என் பட்டறைத் தம்பிக்கு ஒரு வாரக் கூலிக்கு மேல.

எந்த ஸ்டீல் எதுக்குன்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப மனசு ஓடல. இத மட்டும் பாத்துக்கோங்க. பொறிச்ச எழுத்த நம்பாதீங்க, யார் வேணா பொறிக்கலாம். காந்தம் வச்சுப் பாத்துட்டு நல்ல ஸ்டீல்னு முடிவு பண்ணாதீங்க, மைல்டு ஸ்டீலும்தான் ஒட்டும். வந்த அன்னைக்கே ஓரமா அரம் போட்டுப் பாருங்க, சாணை பிடிச்சப்புறம் பழிய உங்க மேல போட்டுடுவாங்க. பார்சல் பிரிக்கிறத வீடியோ எடுங்க. முன்கூட்டியே முழுக் காசும் போடாதீங்க. நான் 1915க்கு (நுகர்வோர் உதவி எண்) போன் பண்ணி கம்ப்ளெயிண்ட் குடுத்துருக்கேன், நம்பர் குடுத்துருக்காங்க.

தட்டாஞ்சாவடில தெரிஞ்ச லேத் அண்ணன் பழைய பவர் ஹேக்சா பிளேடு துண்டு ஒண்ணு குடுத்தாரு, அசல் ஹைஸ்பீடு ஸ்டீல், பொறி மங்கலா சிவப்பா வருது. கொக்கி திருப்ப உடஞ்ச கார்பைடு எண்ட் மில்லும் குடுத்தாரு, காசு வாங்கல. பிளேன்ல மாட்ட உயரம் பத்தாது. ஆறடிப் பலகையையும் கையால இழுத்துத்தான் முடிக்கணும், வியாழக்கிழமை டெலிவரி.