பள்ளிக்கு ஆன்லைன் வகுப்புத் தளம் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆன்லைன் வகுப்பு நடத்த உங்கள் பள்ளி ஏதாவது ஒரு தளத்துக்குப் பணம் கட்டப் போகிறது என்றால், தயவுசெய்து இதை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் நன்றாக ஏமாற்றப்பட்டோம். ஆசிரியர்கள் ராத்திரி கண்விழித்து உருவாக்கிய கேள்விகளும் பதிவு செய்த பாடங்களும் இன்று எங்கள் கையில் இல்லை. பெற்றோரின் போன் நம்பர்கள் யார் யார் கையில் இருக்கின்றனவோ தெரியவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. மற்ற பள்ளிகளுக்குத் தெரிய வேண்டியது அவர்கள் ஏமாற்றிய விதம்தான்.

டெமோ காட்ட வந்தவர்கள் இரண்டு லேப்டாப், புத்தம் புது போன் ஒன்று, கூடவே ஒரு வைஃபை ரூட்டரும் கொண்டுவந்தார்கள். தலைமை ஆசிரியர் அறையில் எல்லாம் அருமையாக ஓடியது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் சேரலாம் என்று கேட்டோம். "எத்தனை பேர் வேணும்னாலும் சேரலாம் மேடம்" என்றார் பிரதிநிதி. நாளைக்கு வேறு தளத்துக்குப் போனால் எங்கள் பாடங்களையும் மதிப்பெண்களையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா என்றும் கேட்டோம். "எல்லாம் உங்களோடதுதான் மேடம், ஒரு பட்டன் போதும்" என்று சொல்லி, திரையில் 'ஏற்றுமதி' என்ற பட்டனையும் காட்டினார். அதை அழுத்தினால் என்ன வரும் என்று மட்டும் காட்டவில்லை.

முதல் அடி வகுப்பு தொடங்கியதுமே விழுந்தது. "எத்தனை பேர் வேண்டுமானாலும்" என்று அவர் சொன்னது தளத்தில் பதிவு செய்யக்கூடிய கணக்குகளின் எண்ணிக்கையை. நேரலை வகுப்பில் பேசவும் கை தூக்கவும் முடிகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரம்பு இருந்தது. அதைத் தாண்டி உள்ளே வரும் பிள்ளைகளைத் தளம் சத்தமில்லாமல் 'பார்வையாளர்' அறைக்குத் தள்ளிவிடும். அங்கே பாடம் தெரியும், கேட்கும். ஆனால் அவர்கள் என்ன எழுதினாலும் நடத்துகிற ஆசிரியரின் திரைக்கு வராது. வகுப்பு முடிந்த பிறகு தயாராகும் அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் போய்ச் சேரும்.

நான் கணக்கு ஆசிரியை. ஒருநாள் அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் மைனஸை உள்ளே கொண்டுபோவதை நடத்தினேன். மாலையில் அந்த அறிக்கையைத் திறந்தால், ஒரு பிள்ளை வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எழுதியிருந்தது: "மிஸ், மைனஸ் எப்படி பிளஸ் ஆச்சு?" அப்புறம், "மிஸ், ரெண்டாவது வரி புரியல." அப்புறம் வெறும் "மிஸ்". அதற்குப் பின் ஒன்றும் இல்லை. கேள்வி கேட்கிற பிள்ளைக்கு ஆசிரியர் பதிலே சொல்லவில்லை என்றால் அது தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ளும்? எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும் என்றால், அதை அவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். அதற்கேற்ப பாடத்தைத் திட்டமிடலாம். சொல்லாமல் மறைத்த வரம்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

அடுத்தது டேட்டா. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் வீடியோ ஓடினால் மணிக்கு 450 எம்பி செலவாகும். தினம் நான்கு மணி நேர வகுப்பு என்றால் ஒரு பிள்ளைக்கு 1.8 ஜிபி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்டால், நொடிக்கு 64 கிலோபிட் என்று வைத்தாலும் மணிக்கு 30 எம்பி கூட ஆகாது. ஆகவே வரும் வீடியோவைப் பிள்ளையே நிறுத்திக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும். எங்களுக்கு விற்ற செயலியில் அது இல்லை. பாடத்தைத் தரவிறக்கி வைத்துப் பிறகு பார்க்கும் வசதியும் இல்லை. 2020 இறுதியில் யுனிசெஃபும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டன. உலகில் 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையமே இல்லை என்றது அது. இணையம் இருக்கிற வீட்டிலும் பெரும்பாலும் ஒரே போன்தான். பள்ளிகளுக்கென்றே செயலி செய்கிறவர்கள் இதை யோசிக்காமல் செய்தால், அது யாருக்காகச் செய்த செயலி?

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது போன் அழைப்புகள். மாணவர் பட்டியலைத் தளத்தில் ஏற்றியவர்கள் நிறுவனத்தின் ஆட்கள். ஏற்றும்போது ஒரு வகுப்புக்கு மட்டும் அம்மா பெயரும் பிள்ளை பெயரும் கட்டம் மாறிப் பதிவாகிவிட்டன. சொன்னோம், திருத்திக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து அந்த வகுப்புப் பெற்றோருக்கு டியூஷன் விற்கிறவர்களிடமிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மிஸ், என்கிட்டயே என் பேரைச் சொல்லி, இந்தப் பொண்ணு கணக்குல வீக்கா இருக்காமே, நாங்க சொல்லித் தரட்டுமான்னு கேக்குறாங்க." பெயர் அப்படி மாறிக் கிடந்தது அந்தத் தளத்தில் மட்டும்தான். எங்கள் பதிவேட்டில் சரியாகத்தான் இருந்தது. நிறுவனத்திடம் கேட்டோம். தங்களிடமிருந்து எதுவும் வெளியே போகவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. சேவை விதிமுறைகளைத் தேடிப் படித்தால், சேவையை மேம்படுத்தத் 'துணை நிறுவனங்களோடு' தகவலைப் பகிரலாம் என்று ஒரு வரி இருந்தது. பெற்றோரின் சம்மதத்தை வாங்குவது பள்ளியின் பொறுப்பு என்று இன்னொரு வரி. பள்ளி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இந்த இரண்டுமே இல்லை. 'காலத்துக்குக் காலம் மாறும் விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்று ஒரு தொடர் மட்டும் இருந்தது. அந்த ஒரு தொடர் வழியாகத்தான் மற்றதெல்லாம் உள்ளே வந்தது.

இந்தத் தந்திரம் உலகம் முழுக்க நடக்கிறது. எட்மோடோ என்ற ஆன்லைன் வகுப்புத் தளம் பல பேருக்கு நினைவிருக்கும். பிள்ளைகளின் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாகவும், பெற்றோர் சம்மதம் வாங்கும் பொறுப்பைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பள்ளிகளின் தலையில் கட்டியதாகவும் 2023 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் அதன் மீது நடவடிக்கை எடுத்தது. 60 லட்சம் டாலர் அபராதம். அதற்கு முன்பே, 2022 செப்டம்பரில், தளத்தை மூடிவிட்டார்கள். அதே 2022ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு, 49 நாடுகளின் அரசுகள் பெருந்தொற்றுக் காலத்தில் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் 89 சதவீதம், பிள்ளைகளின் உரிமைகளைப் பாதிக்கக்கூடிய வகையில் தகவலைக் கையாண்டதாக அது சொன்னது. அரசு பரிந்துரைத்த தளங்களே இப்படி என்றால், ஒரு பிரதிநிதியின் வாய்வார்த்தையை நம்பிப் பிள்ளைகளின் விவரங்களை ஒப்படைக்க முடியுமா?

கடைசியாகப் புதுப்பிப்புக்கு வந்த பில். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தோம். பில்லில் எங்கள் மாணவர் எண்ணிக்கையை விட நிறையத் தலைகள் இருந்தன. படிப்பு முடித்துப் போனவர்கள், வேறு பள்ளிக்கு மாறியவர்கள் எல்லாருமே கணக்கில் இருந்தார்கள். கணக்கை நீக்குவதற்குத் தளத்தில் வழியே இல்லை. 'செயலற்றது' என்று குறிக்கலாம், அவ்வளவுதான். செயலற்ற கணக்கும் கணக்குதான் என்றார்கள். சரி, வேண்டாம் என்று வெளியேற முடிவு செய்து அந்த ஏற்றுமதிப் பட்டனை அழுத்தினோம். மாணவருக்கு ஒன்றாகப் பிடிஎஃப் வந்தது, ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் சின்னத்தோடு. வினாவங்கியும் பிடிஎஃப்தான். அதுவும் படமாக. ஒரு கேள்வியைக்கூட நகலெடுத்து ஒட்ட முடியாது. வீடியோ பாடங்கள் அவர்கள் செயலிக்குள் மட்டுமே ஓடும். தரவிறக்க வேண்டுமென்றால் உயர்திட்டத்துக்கு மாற வேண்டுமாம். எங்கள் ஆசிரியர்களின் குரல், எங்கள் ஆசிரியர்களின் உழைப்பு, அதைத் திரும்ப வாங்க நாங்களே இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும்.

இப்போது தளம் பார்க்கிறவர்கள் டெமோவை அவர்கள் கருவியில் பார்க்காதீர்கள். உங்கள் மாணவர் வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை வாங்கி, மொபைல் டேட்டாவில், வைஃபை இல்லாத இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு முழு வகுப்பையும் ஒரே நேரத்தில் உள்ளே வரச் சொல்லி, கடைசியாக வருகிற பிள்ளை எழுதுவது ஆசிரியருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். சோதனைக் காலத்திலேயே பத்துக் கேள்வி, ஒரு வீடியோ, ஒரு மதிப்பெண் பட்டியல் ஏற்றி, அவற்றைத் திரும்ப வெளியே எடுத்துப் பாருங்கள். மதிப்பெண் சிஎஸ்வி கோப்பாக, அதாவது எக்செல் போன்ற எதிலும் திறக்கக்கூடிய அட்டவணையாக, வர வேண்டும். வினாவங்கி கியூடிஐ, கிஃப்ட், மூடில் எக்ஸ்எம்எல் என்ற கேள்விக் கோப்பு வடிவங்களில் ஏதாவது ஒன்றில் வந்தால் வேறு தளத்தில் ஏற்ற முடியும். பிடிஎஃப் வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கூடவே, பிள்ளைகளின் தகவலை வேறு யாருக்கும் தருவதில்லை, விலகினால் இத்தனை நாளுக்குள் அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தருகிறோம், பள்ளியின் ஒப்புதல் இல்லாமல் விதிமுறை மாறாது என்பவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். எழுதித் தரத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

நாங்கள் இப்போது மூடில் என்ற கற்றல் தளத்துக்கு மாறியிருக்கிறோம், நேரலை வகுப்புக்குப் பிக்புளூபட்டன். இரண்டும் திறமூல மென்பொருள்கள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உரிமக் கட்டணம் கிடையாது. அதற்காகச் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சர்வருக்குப் பணம் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஆள் இல்லாத சின்னப் பள்ளிக்கு இது சரிவராமல் போகலாம். ஆனால் மூடிலில் ஒரு பாடத்தை முழுசாக பேக்கப் எடுத்து இன்னொரு மூடிலில் ஏற்ற முடிகிறது. எனக்கு அது போதும். வினாவங்கியை ஆசிரியர்கள் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள்.

பழைய தளத்தில் இருக்கும் பிள்ளைகளின் விவரங்களையும் பெற்றோரின் நம்பர்களையும் அழிக்கச் சொல்லிப் பள்ளியிலிருந்து கடிதம் அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.