படகுக்கும் அரசு வண்டிக்கும் விலக்கு உண்டு என்று சொல்லி என் காருக்குக் கூலிங் ஃபிலிம் ஒட்டினார்கள்: ₹14,500 போயிற்று

₹14,500. இந்தத் தொகையை இந்தப் பதிவில் பலமுறை எழுதப்போகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் இதை இழந்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் புகார் கொடுக்கப் போகிறேன். ஆனால் ஃபிலிம் ஒட்ட நினைப்பவர்கள் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், வீடு காரிமங்கலம். அம்மாவுக்குத் தோல் நோய் இருக்கிறது. வெயில் நேராகப் பட்டால் முகத்திலும் முழங்கையிலும் தடிப்பு எழும். மாதம் ஒருமுறை பெங்களூரில் மருத்துவரிடம் காட்டக் காரில் அழைத்துப் போகிறேன். கத்திரி வெயில் தொடங்கியதும் கண்ணாடிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. கருப்பு ஃபிலிம் கூடாது என்பது எனக்குத் தெரியாததன்று. 2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, அது மே 4 முதல் நடைமுறைக்கு வந்ததை, அந்த வாரம் ஊர் முழுக்கக் கார்களில் ஃபிலிமைச் சுரண்டிக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்தவன். அதனால்தான் கடைக்குள் நுழைந்ததும் என் முதல் கேள்வியே "இது சட்டப்படி செல்லுமா?" என்பதாக இருந்தது.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல் கடைக்காரர் பேசத் தொடங்கினார். ஒரு மேசை விளக்கை ஏற்றி, கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் என் கையை வைக்கச் சொன்னார், சுட்டது. அதே கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டிய பாதியை நகர்த்தினார். சூடு சட்டென்று குறைந்தது. பிறகு ஒளி அளக்கும் மீட்டரில் அந்த ஃபிலிம் துண்டை வைத்துக் காட்டினார். 72 சதவீத ஒளி ஊடுருவுகிறது என்று வந்தது. "சட்டம் கேட்பது முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் 70, பக்கத்துக் கண்ணாடிக்கு 50. நம்முடையது 72. போதுமா, சார்?" என்றார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100 சொல்வது அந்த 70, 50 கணக்குத்தான். அதில் அவர் பொய் சொல்லவில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2024இல் ஃபிலிமுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததையும் எடுத்துச் சொன்னார், அதுவும் பொய்யன்று. பாதி உண்மையைச் சொல்லத் தெரிந்தவரை நம்பிவிடுவது எவ்வளவு எளிது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பிறகுதான் படகு வந்தது. "இது சாதாரண ஃபிலிம் இல்லை, சார், படகுக்கு ஒட்டும் ரகம். படகுக்கும் அரசு வண்டிக்கும் இந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நீங்கள் அரசு ஊழியர், அரசுப் பணி ஸ்டிக்கரோடு சான்றிதழும் தருகிறோம், எந்தப் போலீஸும் கேட்க முடியாது" என்றார். நான் தயங்கியபோது வாசலைக் காட்டினார். அங்கே முகப்பில் அரசுப் பலகை வைத்த ஒரு ஜீப் நின்றது. இரண்டு பையன்கள் அதன் கண்ணாடியில் தண்ணீர் தெளித்துக் கருப்பு ஃபிலிமோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அரசு வண்டியே இங்கேதான் வருகிறது என்றால் எனக்கு என்ன பயம் என்று நினைத்தேன். நான் ஏமாந்த இடம் அந்த ஜீப்தான். கைப்பேசியை எடுத்து ₹14,500 அனுப்பிவிட்டேன்.

பில் கேட்டேன். கார்பன் தாளில் "கார் அக்சஸரீஸ் - 1" என்று எழுதி, ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லாமல் கொடுத்தார்கள். கூடவே லேமினேட் செய்த ஒரு தாள். அதில் ஆங்கிலத்தில் படகுகள், அரசு வாகனங்கள் வகைக்கு விலக்கு என்று அச்சிட்டு, வட்ட முத்திரை ஒன்றும் இருந்தது. முத்திரையைப் படிக்க முயன்றிருந்தால் அது அந்தக் கடையின் முத்திரையே என்பது புரிந்திருக்கும்.

பதினோராம் நாள் காலை, அம்மாவோடு பெங்களூருக்குப் போகும்போது, சூளகிரிக்கு அருகே வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். உதவி ஆய்வாளர் மரியாதையாகவே பேசினார். "மீட்டர் எதற்கு, சார்? உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகமே தெரியவில்லை" என்றார். லேமினேட் தாளை நீட்டினேன். அவர் அதை முழுவதும் படித்தார், காரை ஒருமுறை சுற்றி வந்தார், பிறகு சிரிக்காமல் கேட்டார்: "இது படகுங்களா, சார்?"

அபராதம் ₹500, மோட்டார் வாகனச் சட்டம் 177ஆவது பிரிவின்படி; மறுமுறை பிடிபட்டால் ₹1,500 என்றார். ஃபிலிமை அங்கேயே கிழிக்கச் சொன்னார். அரசுப் பணி ஸ்டிக்கரையும் எடுக்கச் சொன்னார். ஆசிரியரின் சொந்தக் கார் அரசு வாகனம் ஆகிவிடாது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? சாலையோரத்தில் பிளேடால் சுரண்டியபோது பின்கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகளில் மூன்று ஃபிலிமோடு உரிந்து வந்துவிட்டன. முக்கால் மணி நேரம் அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். வெயிலுக்குப் பயந்து ₹14,500 செலவழித்ததன் பலன் அது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, மோட்டார் வாகனம் என்பது சாலையில் பயன்படுத்துவதற்கு ஏற்ற இயந்திர வண்டி என்று வரையறுக்கிறது. படகு அதற்குள்ளேயே வருவதில்லை. உள்நாட்டு நீர்வழிப் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. விலக்கு பெறுவது வேறு, சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருப்பது வேறு. படகுக்கு ஒட்டும் ஃபிலிமைக் காரில் ஒட்டினால் கார் படகாகிவிடாது. (நம் மாவட்டத்தில் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான், அதற்கு ஜன்னலே கிடையாது என்பதாவது எனக்கு அன்றைக்கு நினைவுக்கு வந்திருக்கலாம்.) அரசு வாகனத்துக்கும் பொதுவான விலக்கு எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இடம் கொடுத்தது இசட், இசட் பிளஸ் பாதுகாப்புப் பெற்றவர்களின் அலுவலகக் கார்களுக்கு மட்டும். அதையும் உள்துறைச் செயலாளரும் காவல்துறைத் தலைவரும் அடங்கிய குழு ஒவ்வொன்றாகப் பரிசீலித்தே கொடுக்க வேண்டும். பலகை மாட்டிய ஜீப்புக்கே இல்லாத விலக்கை எனக்கு விற்றிருக்கிறார்கள்.

கேரளத் தீர்ப்பு? 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தை வைத்து, தரக்குறியீட்டுக்கு உட்பட்ட பொருளாக இருந்தால் அபராதம் கூடாது என்று அந்த நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கேயும் 70, 50 குறையக் கூடாது. என் காரில் இருந்து கிழித்த ஃபிலிமில் எந்தக் குறியீடும் அச்சாகவில்லை. கைப்பேசியின் ஒளி அளக்கும் செயலியில் வைத்துப் பார்த்தேன். தோராயக் கணக்குத்தான், ஆனாலும் 31 சதவீதத்தைத் தாண்டவில்லை. மீட்டரில் காட்டிய துண்டு ஒன்று, ஒட்டிய சுருள் வேறு.

இதில் எனக்கு ஆறாத வெட்கம் ஒன்று உண்டு. அவர் காட்டிய 72 சதவீதத் துண்டையே நாணயமாக ஒட்டியிருந்தாலும் முன்கண்ணாடி தேறியிருக்காது. காரின் கண்ணாடி முழு ஒளியையும் விடுவதில்லை. என் காரில் அது ஏறத்தாழ 77 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் பெருக்க வேண்டும்: 0.77 × 0.72, அதாவது 55 சதவீதம். பத்தொன்பது ஆண்டுகளாக ஒளியியல் நடத்தும் நான் அந்தக் கடையில் நின்றுகொண்டு ஒரு பெருக்கல் போடவில்லை. கருமைக்கும் சூட்டுக்கும், கருமைக்கும் புற ஊதாக் கதிருக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதும் நான் வகுப்பில் சொல்வதுதான். முன்கண்ணாடியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் படலமே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது என்று அம்மாவின் மருத்துவரே பிறகு விளக்கினார். கவலை பக்கத்துக் கண்ணாடியைப் பற்றித்தானாம்.

இனி கடைக்காரர் என்னைக் கையாண்ட விதம். முதல் அழைப்பில் "ஆள் நிறைய, சார், சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன்" என்றார், கூப்பிடவில்லை. இரண்டாவது அழைப்பை வேறொருவர் எடுத்து, முதலாளி ஊரில் இல்லை என்றார். பின்னணியில் முதலாளியின் குரலே கேட்டது. அபராத ரசீதையும் கிழிந்த ஃபிலிமின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. நேற்று நேரில் போனேன். வாரண்டி ஐந்து ஆண்டு என்று சொன்னீர்களே என்றேன். "ஃபிலிம் வண்டியில இருந்தாத்தானே சார் வாரண்டி? நீங்களே கிழிச்சிட்டு வந்திருக்கீங்க" என்றார். சான்றிதழைக் காட்டினேன், அது சான்றிதழ் இல்லையாம், "தகவல் தாள்" ஆம். ₹14,500இல் பாதியாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, வலைத் துணித் தடுப்பு வாங்கினால் பத்து சதவீதம் தள்ளித் தருவதாகச் சொன்னார். திரும்பும்போது வாசலில் நின்ற பையனிடம் அன்றைய ஜீப்பைப் பற்றிக் கேட்டேன். அவன் கள்ளமில்லாமல் சொன்னான்: "அது ஒட்ட வந்த வண்டி இல்லைங்க, சார். ஆபீஸ்ல திட்டுனாங்கன்னு கிழிக்க வந்த வண்டி."

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன். இப்போது கை நடுங்குகிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். விலக்கு என்று யார் தாள் கொடுத்தாலும் கையெழுத்திட்ட அலுவலகம் எது என்று பாருங்கள். மீட்டரைத் துண்டில் வைக்காமல், ஒட்டிய பிறகு உங்கள் கண்ணாடியிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நான் 1915இல் இன்று காலை பதிந்துவிட்டேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒன்று சொன்னார். காலையில் வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கம் விழுகிறது. மாலையில் தெற்கே திரும்பும்போதும் அதே வலப்பக்கம்தான். இத்தனை மாதமாக அம்மாவை என் இருக்கைக்குப் பின்னால், வலப்பக்கமே உட்கார வைத்திருந்தேன். வரும் வாரம் அவர் இடப்பக்கம் உட்காருவார்.